புரை ஆபரேஷனுக்கு லென்ஸ் பவர் எடுப்பது: பயோமெட்ரி அறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

லென்ஸ் பவருக்காகக் கண்ணை அளக்கும் பயோமெட்ரி அறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள்: "அக்கா, எந்த ஃபார்முலா பெஸ்ட்?" கேட்பது நியாயம்தான். ஆனால் பவர் தப்பிப்போன கேஸ்களைத் திரும்ப எடுத்துப் பார்க்கும்போது ஃபார்முலா மாட்டிக்கொள்வது அபூர்வம். அளந்த கை மாட்டும், இல்லையென்றால் எழுதிய கை மாட்டும். அதனால் இங்கே முக்கால்வாசி அளப்பதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். ஃபார்முலா பின்னால் வரும்.

முதலில் இது என்ன கணக்கு என்று பார்த்துவிடுவோம். கண்ணுக்குள் நுழையும் ஒளியை இரண்டு பேர் சேர்ந்து வளைக்கிறார்கள். முன்னால் இருக்கும் கார்னியா ஏறத்தாழ 43, 44 டயாப்டர் (பவரை அளக்கும் அலகு) வேலையைப் பார்த்துவிடுகிறது. மீதி உள்ளே இருக்கும் லென்ஸின் பொறுப்பு. புரை விழுந்த அந்த லென்ஸை எடுத்துவிட்டு, அது இருந்த பைக்குள்ளேயே செயற்கை லென்ஸை வைக்கிறோம். எத்தனை பவர் வைத்தால் பிம்பம் சரியாக விழித்திரையில் போய் விழும்? அதற்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். கார்னியாவின் வளைவு ஒன்று. கண்ணின் முன்பின் நீளம் இரண்டாவது. ஆபரேஷன் முடிந்து எல்லாம் ஆறிய பிறகு புது லென்ஸ் எந்த ஆழத்தில் போய் உட்காரும் என்பது மூன்றாவது. முதல் இரண்டை அளக்கலாம். மூன்றாவதை முன்கூட்டியே யாராலும் அளக்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். ஃபார்முலாக்களுக்குள் இருக்கும் வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்த ஊகத்தில்தான் இருக்கிறது.

லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1949 நவம்பர் 29 அன்று ஹெரால்ட் ரிட்லி உலகிலேயே முதன்முதலாகக் கண்ணுக்குள் பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கில் செய்த லென்ஸை வைத்தார். அந்த நோயாளிக்கு ஆபரேஷனுக்குப் பின் வந்த மைனஸ் பவர் சுமார் 20 டயாப்டர். லென்ஸ் வைக்க முடியும் என்று காட்டியாயிற்று, எந்த பவர் வைப்பது என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது. சோவியத் நாட்டு மருத்துவர் ஃபியோதரோவ் 1967-இல் அதற்கு ஒளியியல் கணக்கு ஒன்றை வெளியிட்டார். 1980-இல் சாண்டர்ஸ், ரெட்ஸ்லாஃப், க்ராஃப் மூவரும் எளிமையான எஸ்.ஆர்.கே. ஃபார்முலாவைக் கொண்டுவந்தார்கள்.

நம் ஊரில் இந்தக் கதை கொஞ்சம் தாமதமாகத்தான் தொடங்கியது. 80-களில் முகாமில் ஆபரேஷன் செய்துகொண்ட தாத்தா பாட்டிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சோடாபுட்டிக் கண்ணாடி நினைவிருக்கும். உள்ளே லென்ஸ் கிடையாது, வெளியே ப்ளஸ் 10 கண்ணாடி. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் 1992-இல் தொடங்கி, குறைந்த விலையில் லென்ஸ் செய்து தர ஆரம்பித்த பிறகுதான் சாதாரண ஜனங்களுக்கும் உள்ளே வைக்கும் லென்ஸ் எட்டியது. அப்போது பிறந்ததுதான் நம் வேலை. ப்ளஸ் 10 கண்ணாடிக்குப் பெரிய கணக்கு தேவைப்படவில்லை. உள்ளே வைத்த லென்ஸ் தப்பினால் கழற்றி மாற்றுவது இன்னொரு ஆபரேஷன்.

மெஷினில் உட்கார வைக்கும் முன்

பேஷன்ட் வந்ததும் தாடையைத் தூக்கி மெஷினில் வைக்காதீர்கள். இரண்டு நிமிடம் பேசுங்கள்.

"கண்ணு மேல வைக்கிற கான்டாக்ட் லென்ஸ் போடுற பழக்கம் உண்டா?" கார்னியாவின் வடிவத்தை அது மாற்றிவைத்திருக்கும். சாஃப்ட் லென்ஸ் என்றால் ஒரு வாரம், கெட்டியான லென்ஸ் என்றால் இரண்டு மூன்று வாரம் கழற்றிவைத்துவிட்டு வரச்சொல்ல வேண்டும்.

"கண்ணாடி போடாம இருக்கணும்னு லேசர் பண்ணியிருக்கீங்களா?" இதை இளம் வயதுக்காரர்களிடம் மட்டும் கேட்கும் பழக்கம் இருக்கிறது. தப்பு. லேசிக் என்ற அந்த லேசர் வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அன்றைக்குக் கல்யாணத்துக்கு முன்னால் செய்துகொண்டவர்கள் இன்றைக்குப் புரையோடு நம் முன்னால் உட்காருகிறார்கள். பலர் அதைக் கண் ஆபரேஷன் என்றே கணக்கில் எடுப்பதில்லை. "இதுக்கு முன்னாடி கண்ணுல ஆபரேஷன் ஏதாவது?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். லேசர் என்ற வார்த்தையைச் சொல்லிக் கேளுங்கள்.

"விழித்திரைக்கு ஆபரேஷன் பண்ணி உள்ளே எண்ணெய் வச்சிருக்காங்களா?" இது ஏன் என்று கீழே வருகிறது.

அப்புறம், பழைய கண்ணாடியை வாங்கிப் பாருங்கள். புரை வருவதற்கு முன் போட்டது இன்னும் நல்லது. அதில் இருக்கும் பவர் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் சாட்சி. வாழ்நாள் முழுக்க மைனஸ் 6 போட்டவருக்கு உங்கள் கணக்கில் 24 டயாப்டர் லென்ஸ் வருகிறது என்றால் எங்கேயோ தவறு நடந்திருக்கிறது. அதேபோல் இன்னொரு கண் ஏற்கெனவே ஆபரேஷன் ஆகியிருந்தால் அந்த லென்ஸ் அட்டையைக் கேளுங்கள். மஞ்சள் பையில், ரேஷன் கார்டுக்கு அடியில், எங்காவது மடித்து வைத்திருப்பார்கள்.

வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பார்க்கும்போது சதை வளர்ந்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். வெயிலிலும் உப்புக்காற்றிலும் வேலை செய்கிற மீனவர்கள், வயல்வேலைக்காரர்களிடம் இது சர்வசாதாரணம். மூக்குப் பக்கமிருந்து கார்னியா மேல் ஏறும் சதை, படுக்கைவாட்டில் வளைவைத் தட்டையாக்கி இல்லாத சிலிண்டர் பவரைக் (ஒரு திசையில் மட்டும் கூடும் பவர்) கொண்டுவரும். சதை பெரிதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். முதலில் அதை எடுத்துவிட்டு, கார்னியா ஆறி நிலைத்த பிறகு அளப்பதா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

கே ரீடிங்

கார்னியாவின் வளைவை கெரட்டோமீட்டரில் அளந்து வரும் எண்தான் கே. வரிசை முக்கியம். கெரட்டோமீட்டர் முதலில், கண்ணைத் தொடும் எந்தப் பரிசோதனையும் அதற்குப் பிறகுதான். மரத்துப்போகும் சொட்டு விட்டு, கண் அழுத்தம் பார்த்து, ஒலியால் கண்ணின் நீளம் அளக்கும் ஏ-ஸ்கேனும் முடித்துவிட்டு அப்புறம் கே எடுத்தால், கலங்கிப்போன கார்னியாவைத்தான் அளப்பீர்கள்.

கெரட்டோமீட்டர் அளப்பது உண்மையில் கார்னியாவின் முன்பரப்பின் வளைவு ஆரத்தை. அதை டயாப்டராக மாற்ற 337.5-ஐ ஆரத்தால் வகுக்கிறது. ஆரம் 7.76 மி.மீ. என்றால் 43.49, 7.63 மி.மீ. என்றால் 44.23. கார்னியாவின் பின்பரப்பை இந்தக் கருவி பார்ப்பதேயில்லை. முன்பக்கம் இவ்வளவு என்றால் பின்பக்கம் இவ்வளவு இருக்கும் என்ற அனுமானத்தை அந்த 337.5 என்ற எண்ணுக்குள்ளேயே பொதித்து வைத்திருக்கிறார்கள். லேசிக் செய்த கண்ணில் முன்பக்கத்தைச் செதுக்கிவிட்டார்கள், பின்பக்கம் பழையபடி இருக்கிறது. அங்கே அனுமானம் உடைகிறது. மைனஸ் பவருக்கு லேசிக் செய்தவருக்கு வழக்கமான கே-யைப் போட்டுக் கணக்கெடுத்தால், வைக்கும் லென்ஸ் பவர் குறைந்துபோய் ஆபரேஷனுக்குப் பின் ப்ளஸ்ஸில் நிற்பார். தூரமும் தெளிவில்லை, கிட்டேயும் தெளிவில்லை என்று வந்து நிற்பவர் அவர்தான்.

கையால் திருப்பும் கெரட்டோமீட்டர் என்றால், பேஷன்டை உட்கார வைக்கும் முன் உங்கள் கண்ணுக்கு ஐபீஸைச் சரிசெய்யுங்கள். ஒரு வெள்ளைத் தாளை முன்னால் பிடித்து, உள்ளே தெரியும் கறுப்புக் கோடு கூர்மையாகும்வரை திருப்ப வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் தலையாட்டிவிட்டு மறந்தேன். எனக்கு முன்னால் அந்தக் கருவியில் உட்கார்ந்தவர் கண்ணாடி போடும் ஆள். அவருடைய கண்ணுக்கு வைத்திருந்த ஐபீஸிலேயே காலை முழுக்க எடுத்துத் தள்ளினேன். மத்தியானம் சீனியர் ஒருவர் சந்தேகப்பட்டு, கருவியோடு வரும் எஃகுக் குண்டை மாட்டி அளந்து காட்டினார். குண்டின் அளவு அதன்மேலேயே எழுதியிருக்கும். நான் எடுத்தது அதோடு ஒட்டவில்லை. அன்றைக்கு எடுத்த ஒன்பது பேரையும் சாப்பாட்டு நேரத்தில் திரும்ப வரிசையில் உட்கார வைத்தேன். ஒரு பாட்டி, "ஏம்மா, முன்ன எடுத்த படம் விழலையா?" என்று கேட்டார்.

கண் சிமிட்டச் சொல்லி, சிமிட்டியதும் எடுங்கள். கருவிக்குள் தெரியும் வளையங்கள் நெளிந்தோ உடைந்தோ தெரிந்தால் கண்ணீர்ப் படலம் காய்ந்திருக்கிறது. மூன்று முறை எடுங்கள். மூன்றும் கால் டயாப்டருக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் சராசரி போட்டு மழுப்பாதீர்கள். காய்ந்த கண்ணுக்கு மருந்து கொடுத்து இன்னொரு நாள் வரவைப்பதில் வெட்கமொன்றுமில்லை. கே-யில் 1 டயாப்டர் தப்பினால் பேஷன்டின் கண்ணாடியிலும் ஏறக்குறைய 1 டயாப்டர் தப்பும்.

கண்ணின் நீளம்

இங்கேதான் நிதானம் வேண்டும். சராசரிக் கண்ணில் 1 மி.மீ. பிசகினால் 2.5 முதல் 3 டயாப்டர் வரை போய்விடும். குட்டைக் கண்ணில் இன்னும் அதிகம். 0.1 மி.மீ. என்பது கால் டயாப்டர். ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் கொஞ்சம்தான் கூட.

ஒளியால் அளக்கும் மெஷின் இருந்தால் அதில்தான் முதலில் எடுக்க வேண்டும். 1999-இல் வந்த ஐஓஎல் மாஸ்டர் இதைத் தொடங்கிவைத்தது. கண்ணைத் தொடுவதில்லை, சொட்டு வேண்டாம், பேஷன்ட் புள்ளியைப் பார்த்தால் போதும். ஆனால் புரை நன்றாக முத்தி வெள்ளையாகியிருந்தால் ஒளி உள்ளே போகாது. நம் ஊரில் "கை அசைவு மட்டும் தெரியுது" என்கிற நிலைக்கு வந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதனால் ஏ-ஸ்கேன் கையில் பழகியிருக்க வேண்டும்.

ஏ-ஸ்கேன் தூரத்தை அளப்பதில்லை. நேரத்தை அளக்கிறது. ஒலி போய் எதிரொலித்து வர எவ்வளவு நேரம் என்று பார்த்து, நாம் சொல்லும் வேகத்தால் பெருக்கி நீளமாக மாற்றுகிறது. வேகத்தைத் தப்பாகச் சொன்னால் நீளம் தப்பாகத்தான் வரும். சாதாரணப் புரைக் கண்ணுக்குச் சராசரி வேகம் நொடிக்கு 1,550 மீட்டர். லென்ஸ் இல்லாத கண்ணுக்கு 1,532. சிலிக்கான் எண்ணெயில் ஒலி நொண்டி நொண்டிப் போகும், 980 மீட்டர்தான். எண்ணெய் இருக்கும் கண்ணைச் சாதாரணக் கண் என்று வைத்து அளந்தால், 23 மி.மீ. கண்ணை மெஷின் 32 மி.மீ. பக்கம் காட்டும். முதல் தடவை பார்க்கும்போது "பெரிய மைனஸ் கண் போலிருக்கிறது" என்றுதான் தோன்றும். எண்ணெய்க் கேள்வியை முதலிலேயே கேட்கச் சொன்னது இதற்குத்தான்.

தொட்டு எடுக்கும் முறையில் புரோப் கார்னியாவின் மேல் படும். சொட்டு விட்டு, புரோபுக்குள் தெரியும் சிவப்பு விளக்கைப் பார்க்கச் சொல்லி, நடுவில் பூப்போலத் தொட வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும் கார்னியா உள்வாங்கும். கண் 0.1 முதல் 0.3 மி.மீ. வரை குட்டையாகத் தெரியும். குட்டைக் கண்ணுக்குக் கூடுதல் பவர் லென்ஸ் வேண்டும் என்று கணக்கு சொல்லும். பேஷன்ட் மைனஸில் போய் நிற்பார். புதியவர்கள் எடுக்கும் ரீடிங்கில் மைனஸ் தப்புகள் அதிகம் வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அழுத்திவிட்டீர்களா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு ரீடிங்கிலும் முன்னறையின் (கார்னியாவுக்கும் லென்ஸுக்கும் நடுவே உள்ள இடம்) ஆழத்தைப் பாருங்கள். ஒரே கண்ணில் 3.1, 3.1, 2.8, 3.1 என்று வந்தால் அந்த 2.8 அழுத்தி எடுத்தது. அழித்துவிடுங்கள்.

தண்ணீர் வழியாக எடுக்கும் இம்மெர்ஷன் முறை இந்தத் தலைவலியைத் தவிர்க்கும். படுக்க வைத்து, இமைகளுக்கு நடுவே சின்னக் கிண்ணம் போன்ற ஷெல்லைப் பொருத்தி, சலைன் நிரப்பி, புரோபைத் தண்ணீருக்குள் நிறுத்துகிறோம். கார்னியாவைப் புரோப் தொடாது. காற்றுக்குமிழி உள்ளே இருந்தால் மட்டும் எதிரொலி கெட்டுப்போகும். "கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும், வலிக்காது, மேலே நேராப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் விடுங்கள். சொல்லாமல் விட்டால் கண்ணை இறுக்கி மூடிவிடுவார்கள், ஷெல் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். என்னைக் கேட்டால் வசதியிருக்கும் இடத்தில் தொட்டு எடுக்கும் முறையை விட்டுவிடலாம். ஐந்து நிமிடம் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான்.

திரையில் வரும் எண்ணைப் பார்க்கும் முன் படத்தைப் பாருங்கள். இடமிருந்து வலமாக: கார்னியாவின் முனை (இம்மெர்ஷனில் இரட்டை முனையாகத் தெரியும்), லென்ஸின் முன்பக்கம், லென்ஸின் பின்பக்கம், பிறகு நீண்ட சமவெளி, அந்தப் பக்கம் விழித்திரை, அதை ஒட்டி ஸ்க்ளீரா (கண்ணின் வெள்ளைச் சுவர்), கடைசியில் கண்ணுக்குப் பின்னாலுள்ள கொழுப்பின் எதிரொலிகள் படிப்படியாக இறங்கும். விழித்திரை முனை தரையிலிருந்து சுவர்போல நெட்டுக்குத்தாக எழ வேண்டும். சாய்ந்தோ, மேட்டில் ஏறுவதுபோலப் படி வைத்தோ எழுந்தால் ஒலி சாய்வாகப் போயிருக்கிறது. விழித்திரைக்குப் பின்னால் ஸ்க்ளீரா முனையே இல்லையென்றால் பார்வை நரம்பின் மேல் அடித்திருக்கிறீர்கள். படம் அழகாக இருந்தாலும் ரீடிங் குப்பைக்குத்தான்.

எங்கிருந்து எங்கே அளப்பது என்று காட்ட மெஷின் வைக்கும் கேட் கோடுகள் சரியான முனைகளின் மேல்தான் நிற்கின்றனவா என்றும் பாருங்கள். முத்திய புரைக்குள்ளேயே எதிரொலிகள் கிளம்பும். அதில் ஒன்றை லென்ஸின் பின்பக்கம் என்று மெஷின் எடுத்துக்கொள்ளும். மெஷினை ஆட்டோமேட்டிக்கில் விட்டுவிட்டுப் பெருமூச்சு விடாதீர்கள்.

ஐந்து முதல் பத்து ரீடிங் எடுத்து, அதில் படம் நன்றாக இருப்பவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்குள் வித்தியாசம் 0.1 மி.மீ.-க்குள் இருந்தால் நிம்மதி. அதிக மைனஸ் கண்களில் இது எளிதில் வராது. கண்ணின் பின்சுவர் ஒரு பக்கம் பை போலத் தொங்கியிருக்கும். அதன் அடியை அளக்கிறோமா, பார்வையின் மையத்தை அளக்கிறோமா என்று ஏ-ஸ்கேனுக்குத் தெரியாது. ஒளி மெஷின் இங்கே கைகொடுக்கும், பேஷன்ட் புள்ளியைப் பார்க்கும் இடமே மையம் என்பதால். அதுவும் முடியாவிட்டால், ஒலியால் கண்ணின் உள்ளே படமாகக் காட்டும் பி-ஸ்கேன் துணையோடு எடுக்க வேண்டும்.

எப்போது திரும்ப அளக்க வேண்டும்

இரண்டு கண்ணையும் எப்போதும் அளங்கள், ஆபரேஷன் ஒரு கண்ணுக்குத்தான் என்றாலும். அடுத்த கண்தான் உங்களுக்குத் தராசு. நீளம் இரண்டு கண்ணுக்கும் 0.3 மி.மீ.-க்கு மேல் வேறுபட்டாலோ, கே சராசரி 1 டயாப்டருக்கு மேல் வேறுபட்டாலோ, கணக்கில் வரும் லென்ஸ் பவர் 1 டயாப்டருக்கு மேல் வேறுபட்டாலோ நிறுத்துங்கள். அதேபோல் நீளம் 22-க்குக் கீழே அல்லது 25-க்கு மேலே, கே 40-க்குக் கீழே அல்லது 47-க்கு மேலே என்றாலும் நிறுத்துங்கள். இந்த எண்கள் தப்பு என்று அர்த்தமில்லை, அப்படிப்பட்ட கண்களும் உண்டு. திரும்ப அளக்க வேண்டும் என்பதற்கான மணி இது. முடிந்தால் வேறொருவர் அளக்கட்டும், உங்கள் எண்ணை அவரிடம் காட்டாமல். காட்டினால் அவர் கையும் அந்த எண்ணைத் தேடிப் போகும்.

கணக்கு

இப்போது ஃபார்முலா. இன்றைக்கு யாரும் எஸ்.ஆர்.கே.-யை வைத்து லென்ஸ் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் ஒரு தடவையாவது அதைக் கையால் போட்டுப் பாருங்கள். எந்த எண் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று விரலுக்குத் தெரியும்.

பவர் = ஏ மாறிலி − (2.5 × நீளம்) − (0.9 × கே சராசரி)

நீளம் 23.45 மி.மீ. கே 43.50, 44.25, சராசரி 43.88. லென்ஸ் மாடலுக்கென்று கொடுத்திருக்கும் எண்ணான ஏ மாறிலி 118.4 என்று வைத்துக்கொள்வோம். 2.5 × 23.45 = 58.63. 0.9 × 43.88 = 39.49. 118.4-இலிருந்து இரண்டையும் கழித்தால் 20.28. கண்ணாடியே இல்லாமல் தூரம் தெரிய 20.28 டயாப்டர் வேண்டும். லென்ஸ் அரை அரை டயாப்டராகத்தான் வரும். கண்ணுக்குள் 1 டயாப்டர் கூடினால் கண்ணாடியில் தெரிவது சுமார் 0.7. ஆக 20.5 வைத்தால் மைனஸ் 0.15, 21 வைத்தால் மைனஸ் அரை.

ஏ மாறிலி என்பது லென்ஸ் மாடலுக்கு மாடல் மாறும். பெட்டியில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் ஏ-ஸ்கேன் அளவுக்கானது. ஏ-ஸ்கேன் விழித்திரையின் முன்பரப்போடு நிற்கும், ஒளி மெஷின் அதற்கு அடியிலுள்ள அடுக்குவரை போகும், கார்னியாவை அழுத்துவதும் இல்லை. அதனால் ஒளி அளவுக்கு மாறிலி கொஞ்சம் கூட வேண்டும். ஒரே லென்ஸுக்கு 118.7, 119.0 என்று இரண்டு எண் புழங்குவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். எந்த மெஷினில் அளந்தீர்களோ அதற்குரியதைப் போடுங்கள்.

மெஷினுக்குள் இருக்கும் ஃபார்முலாக்களில் 22 மி.மீ.-க்குக் கீழே ஹாஃபர் க்யூ, 26-க்கு மேலே எஸ்.ஆர்.கே./டி என்பது பழைய பாடம். நடுவில் எதைப் போட்டாலும் பெரிய வித்தியாசம் வராது. ஹெய்கிஸுக்கு முன்னறை ஆழமும் தேவை. இப்போது பேரட் யுனிவர்சல் 2 எல்லா நீளத்துக்கும் நன்றாக வேலை செய்கிறது. ஆசிய பசிபிக் கண்புரை மருத்துவர்கள் சங்கத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. லேசிக் செய்த கண்ணுக்கு அதே இடத்தில் பேரட் ட்ரூ-கே இருக்கிறது. அத்தகைய கேஸை நீங்களாக முடிக்காமல் டாக்டரிடம் கொண்டுபோங்கள். குழந்தைகளின் கண்ணும் அப்படியே. கண் இன்னும் வளரும் என்பதால் வேண்டுமென்றே பவர் குறைத்து வைப்பார்கள்.

எவ்வளவு மைனஸில் நிறுத்துவது

முடிவு டாக்டருடையது. ஆனால் பேஷன்டோடு அதிக நேரம் உட்கார்ந்திருப்பது நாம்தான். ஆளைப் பார்த்து, என்ன வேலை செய்கிறார் என்று கேட்டு எழுதிவையுங்கள்.

ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர். மைனஸ் 3.5. வாழ்நாள் முழுக்கக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேப்பர் படித்தவர். அவருக்குத் தூரத்துக்கு அச்சு அசலாக ஜீரோ வரும்படி லென்ஸ் வைத்தார்கள். கணக்கில் ஒரு குறையும் இல்லை. ஒரு மாதம் கழித்து வந்து கத்தினார்: "பஸ் நம்பர் தெரியுது சார், பேப்பர் தெரியலையே! இத்தனை வருஷம் தெரிஞ்சது இப்ப எங்கே போச்சு?" அவரிடம் முன்கூட்டியே யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பொதுவாக மைனஸ் கால் முதல் அரைவரை வைத்து நிறுத்துவார்கள், ப்ளஸ்ஸில் போய் விழாமல் இருக்க. பூக்கட்டுகிறவர், தையல்காரர், இவரைப் போன்ற மைனஸ்காரர்கள் என்றால் கிட்டப் பார்வைக்கு நிறுத்துவதா என்று டாக்டர் அவர்களோடு பேசுவார். பேச வேண்டிய ஆள் என்று குறித்துக் கொடுப்பது நம் வேலை.

தியேட்டருக்குப் போகும் தாள்

பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், எண், எந்தக் கண், லென்ஸ் மாடல், பவர், எதிர்பார்க்கும் மைனஸ். "வலது", "இடது" என்று முழுதாக எழுதுங்கள். ஒரே நாளில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பது நம் ஊரில் அதிசயமில்லை. 20.5-ஐ எழுதும்போது புள்ளியை அழுத்தி வையுங்கள்.

மாற்று லென்ஸையும் எழுதிவையுங்கள். பை கிழிந்து, லென்ஸை அதற்கு முன்னால் உள்ள சல்கஸ் என்ற பள்ளத்தில் வைக்க வேண்டிவந்தால் லென்ஸ் முன்னால் நகர்கிறது, அதே பவர் அதிக வேலை செய்யும். அதனால் குறைக்க வேண்டும். 17.5 முதல் 28 வரையான பவருக்கு 1 டயாப்டர், 9.5 முதல் 17 வரை அரை டயாப்டர், அதற்கும் கீழே குறைக்கத் தேவையில்லை. 28.5-க்கு மேல் ஒன்றரை. மேலே சொன்ன கண்ணுக்குப் பைக்குள் 20.5 என்றால் சல்கஸுக்கு 19.5. மூன்று துண்டு லென்ஸாக (நடு லென்ஸும் இரண்டு கால்களும் தனித்தனியாகச் செய்து பொருத்தியது) இருக்க வேண்டும். அந்த நேரத்தில் தியேட்டரிலிருந்து போன் வந்து கணக்குப் போடுவதைவிட இப்போதே தாளில் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

ஆபரேஷனுக்குப் பிறகு

புரையை ஒலி அதிர்வால் உடைத்து உறிஞ்சும் ஃபேக்கோவுக்கு நான்கு வாரம், தையலில்லாச் சிறுகீறல் முறைக்கு ஆறு வாரம் கழித்து வரும் கண்ணாடிப் பவரைக் கண்டிப்பாக எழுதிவையுங்கள். எதிர்பார்த்தது மைனஸ் 0.25, வந்தது மைனஸ் 0.75 என்றால், வித்தியாசம் மைனஸ் அரை. ஒன்றிரண்டு கேஸில் இதற்கு அர்த்தமில்லை. ஒரே லென்ஸில், ஒரே டாக்டரிடம், ஒரே மெஷினில் நூறு கேஸ் சேர்ந்த பிறகும் எல்லாமே மைனஸ் பக்கமே சாய்ந்தால், உங்கள் ஏ மாறிலியைச் சரிசெய்ய வேண்டும். யாரோ ஒருவர் கை அழுத்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். எவ்வளவு சரியாக வர வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், பிரிட்டனின் தேசியச் சுகாதார சேவைக்கு 2009-இல் முன்வைத்தது இருக்கிறது: 85 சதவீதம் பேர் எதிர்பார்த்த பவரிலிருந்து 1 டயாப்டருக்குள், 55 சதவீதம் பேர் அரை டயாப்டருக்குள். இப்போதுள்ள மெஷின்களில் இதைத் தாண்டுவது கஷ்டமில்லை.

இரண்டாவது கண்ணுக்கு அதே பேஷன்ட் வரும்போது முதல் கண்ணின் முடிவை எடுத்துப் பாருங்கள். அதில் வந்த வித்தியாசத்தில் பாதிவரை இந்தக் கண்ணுக்குச் சரிக்கட்டுவது வழக்கம். முழுதாகச் சரிக்கட்டினால் மறுபக்கம் தாண்டிவிட வாய்ப்புண்டு.

நான் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். ஐந்து கட்டம்: எண், லென்ஸ், எதிர்பார்த்தது, வந்தது, அளந்தவர் பெயர். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அந்தக் கடைசிக் கட்டத்துக்காக நோட்டை விடவில்லை. புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் ஐம்பது கேஸ் முடிந்ததும் தங்கள் பெயர் வரும் வரிகளை மட்டும் பென்சிலால் கோடிட்டுக் கூட்டிப் பார்ப்பார்கள்.